அமர்காசாரஸ்: கழுத்தில் முள்ளா, பாயா? ரசிகர்கள் ஏன் இதை வரைந்துகொண்டே இருக்கிறார்கள்?

ஓவியம் பயிலும் ஓர் இளைஞர் கேட்ட கேள்வி இது: "அமர்காசாரஸ் என்ற டைனோசரின் படங்களைத் தேடினால் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. சில படங்களில் கழுத்து முழுக்க ஈட்டிகள் நிற்கின்றன. சிலவற்றில் அதே இடத்தில் மீனின் துடுப்பைப் போலத் தோல் விரிந்திருக்கிறது. எது சரி? இந்த விலங்கின் மேல் ரசிகர்களுக்கு ஏன் இவ்வளவு பிரியம்? நானும் வரைய விரும்புகிறேன். எங்கே தொடங்கலாம்?"

முதலில் நேரடியான விடை. இன்றுள்ள சான்றுகளின்படி அமர்காசாரஸுக்குத் தோல் பாய், அதாவது படகின் பாயைப் போல முட்களுக்கு இடையே விரிந்த தோல், வரைவதே பொருத்தம். ஈட்டி வரைந்தவர்கள் கற்பனையில் மிதந்தவர்கள் அல்லர். அவர்கள் வரைந்த காலத்தில் அதற்கு வலுவான காரணங்கள் இருந்தன. இந்த விலங்கின் மேல் உள்ள பிரியத்துக்கும் அந்த மாற்றமே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். எலும்பு ஒன்றுதான், ஆனால் அதன்மேல் போர்த்த வேண்டிய உடல் குறித்த கருத்து முப்பது ஆண்டுகளாக நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு நகர்விலும் ஓவியர்கள் பங்கெடுத்திருக்கிறார்கள்.

எலும்பிலிருந்து தொடங்குவோம். 1984இல் அர்ஜென்டினாவின் நெவுக்கேன் மாகாணத்தில், லா அமர்கா என்னும் ஓடையை ஒட்டிய பாறைகளில் இது கிடைத்தது. ஹோசே போனபார்ட்டே தலைமையில் சென்ற ஆய்வுக் குழுவில் இருந்த கில்லெர்மோ ரூஜியே கண்டெடுத்தார். அந்த இடத்தில் புதைபடிவங்கள் இருக்கக்கூடும் என்று முதலில் தகவல் சொன்னவர் எண்ணெய் நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்த புவியியலாளர் லூயிஸ் கசாவ். அதனால்தான் 1991இல் லியோனார்டோ சல்காடோவும் போனபார்ட்டேயும் இதற்கு அமர்காசாரஸ் கசாவி என்று பெயரிட்டார்கள். ஓடையின் பெயரும் மனிதரின் பெயரும் சேர்ந்து விலங்கின் பெயராயின. காலம் ஏறக்குறைய 12.5 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தின் முற்பகுதி.

கிடைத்தது ஒரே ஒரு விலங்கின் எலும்புக்கூடு. மண்டையோட்டின் பின்பகுதி, கழுத்து, முதுகு, இடுப்பு ஆகியவற்றின் முள்ளெலும்புகள், சில கால் எலும்புகள், வாலின் சில துண்டுகள். முகத்தின் முன்பகுதி இல்லை. வாலின் பெரும்பகுதி இல்லை. ஆனால் எந்தப் பகுதி இருந்தால் இந்த விலங்கு புகழ் பெறுமோ அந்தப் பகுதி, அதாவது கழுத்து, அருமையாகப் பிழைத்திருந்தது. இதைவிட நல்ல நேரம் ஒரு புதைபடிவத்துக்கு வாய்ப்பது அரிது.

நீள்கழுத்துத் தாவர உண்ணி டைனோசர்களைக் குறிக்கும் சோரோபாட் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் எழுவது வானுயர்ந்த கழுத்தும் மலை போன்ற உடலும். அமர்காசாரஸ் அந்தப் பெரும்பிரிவின் சிறிய உறுப்பினர். நீளம் 9 முதல் 10 மீட்டர். எடையை 2.6 டன் என்று ஒரு கணக்கு சொல்கிறது. அது ஏறக்குறைய ஓர் ஆசிய யானையின் எடை. கழுத்தும் சுமார் 2.4 மீட்டர்தான். சோரோபாட் அளவுகோலில் அது குட்டைக் கழுத்து. ஆனால் அந்தக் குட்டைக் கழுத்தின் ஒவ்வொரு முள்ளெலும்பின் மேலிருந்தும் இரண்டு இரண்டாக எலும்பு முட்கள் எழும்பிப் பின்னோக்கிச் சாய்கின்றன. எட்டாவது கழுத்தெலும்பில் இருப்பது எல்லாவற்றிலும் நீளமானது, ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். நுனியில் கூர்மை. குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டம். முதுகின் கடைசிப் பகுதி, இடுப்பு, வாலின் தொடக்கம் ஆகிய இடங்களிலும் முட்கள் உயரமாகவே இருக்கின்றன. ஆனால் அங்கே இரட்டையாக இல்லாமல் ஒற்றையாக, தட்டையான துடுப்பு வடிவில் உள்ளன. படம் வரைபவர்கள் அடிக்கடி மறக்கும் செய்தி இது. கழுத்தில் மட்டும் கவனத்தைச் செலுத்திவிட்டு, முதுகை வழவழப்பாக விட்டுவிடுகிறார்கள். உண்மையில் இடுப்புக்கு மேல் ஒரு தாழ்வான மேடு தெரிய வேண்டும்.

இனி அந்த நீண்ட விவாதம். 1991இல் பெயரிட்டவர்கள் முட்களைத் தற்காப்போடு தொடர்புபடுத்தினார்கள். 1994இல் கிரெகரி பால் ஒரு வாதத்தை முன்வைத்தார். இவர் ஆய்வாளர், அதே சமயம் டைனோசர் ஓவியர். கருப்பு நிழலுருவின் மேல் வெள்ளை எலும்புகளாகத் தீட்டும் எலும்புக்கூட்டு வரைபடங்களை ஒரு தரமாகவே நிலைநாட்டியவர். அவர் சொன்னது: முட்களின் குறுக்குவெட்டு வட்டமாக இருக்கிறது, பாய் தாங்கும் விலங்குகளில் முட்கள் தட்டையாக இருக்கும், மேலும் கழுத்தில் பாய் இருந்தால் கழுத்தை வளைப்பதே சிரமமாகிவிடும். ஆகவே ஒவ்வொரு முள்ளின் மேலும் மாட்டுக் கொம்பில் இருப்பதைப் போன்ற கெரட்டின் உறை இருந்திருக்கும், அதனால் முட்கள் எலும்பைவிடவும் நீண்டு தெரிந்திருக்கும் என்பது அவர் முடிவு. முட்களை ஒன்றோடொன்று தட்டி ஓசை எழுப்பியிருக்கலாம் என்றும் எழுதினார். அந்த ஒரு வரி எத்தனை ஓவியர்களின் கையைத் தூண்டியிருக்கும்! புல்லில்லாத அந்த உலகில் அந்தி நேரத்தில் ஒரு மந்தை நின்று கழுத்தை அசைக்க, கொம்புகள் உரசும் ஓசை எழுகிறது. அதை வரையாமல் இருக்க முடியுமா?

1997இல் ஜாக் பெய்லி எதிர்க்கருத்து சொன்னார். அமர்காசாரஸின் முட்கள் பாய் தாங்கும் பழைய விலங்குகளின் முட்களோடு ஒப்பிடத்தக்கவை என்றார். 2007இல் டேனியலா ஷ்வார்ட்ஸும் உடன் ஆய்வாளர்களும் இடைப்பட்ட ஓர் அமைப்பை முன்வைத்தார்கள். முட்களின் கீழ்ப்பகுதிக்கு இடையே காற்றுப்பைகள், மேல்பகுதியில் கொம்பு உறை. இப்படி ஒவ்வொரு கட்டத்திலும் அந்தந்தக் காலத்து ஓவியங்கள் அந்தந்தக் கருத்தைச் சுமந்து நிற்கின்றன. தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து இன்றுவரை வந்த அமர்காசாரஸ் படங்களை வரிசையாக அடுக்கினால் ஓர் ஆய்வு வரலாற்றையே படிக்கலாம்.

எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது 2022இல் வந்த ஆய்வு. இக்னாசியோ செர்டா தலைமையில், சல்காடோவும் உடனிருந்த குழு, முட்களின் எலும்பை மெல்லிய துண்டுகளாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தது. வெளித்தோற்றத்தை வைத்து வாதாடிய முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு எலும்பின் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அங்கே ஷார்ப்பி இழைகளின் தடங்கள் கிடைத்தன. தசைநார்களும் இணைப்பு இழைகளும் எலும்புக்குள் வேரூன்றும் இடத்தில் விட்டுச் செல்லும் நுண் தடங்கள் இவை. முட்களின் நீளத்தின் பெரும்பகுதிக்கு அவை பரவியிருந்தன. அதாவது ஒரு முள்ளுக்கும் அடுத்த முள்ளுக்கும் இடையே இணைப்பு இழைகள் உயரம் வரை ஓடியிருக்கின்றன. எலும்பில் இரத்த நாளங்களின் தடங்களும் நிறைந்திருந்தன. கொம்பு உறை இருந்ததற்கான அடையாளத்தை அந்த எலும்பு தரவில்லை. முட்களைச் சூழ்ந்து ஒரு தோல் பாய் இருந்திருக்க வேண்டும் என்று குழு முடிவு சொன்னது.

எனவே இன்று நீங்கள் தூரிகையை எடுத்தால் பாய்தான் முதல் தேர்வு. இதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் பாய் என்று சொன்னவுடன் கேள்விகள் முடிந்துவிடவில்லை, புதிதாகப் பிறக்கின்றன. முட்கள் இரண்டு வரிசைகளாக உள்ளன. அப்படியானால் கழுத்தின் இரு பக்கமும் இரண்டு பாய்களா? அல்லது இரண்டு வரிசைகளையும் சேர்த்து மூடிய ஒரே தடித்த மேடா? பாயின் விளிம்பு நேர்கோடா, ஒவ்வொரு முள் நுனியிலும் உயர்ந்து இடையில் தாழும் அலைக்கோடா? தோல் இறுக்கமா, சுருக்கம் விழுந்த தளர்வா? கழுத்தைக் கீழே சாய்க்கும்போது அந்தத் தோல் எங்கே நீளும், எங்கே மடியும்? கிரெகரி பால் எழுப்பிய வளைவுச் சிக்கல் இங்கேதான் திரும்பி வருகிறது. நல்ல ஓவியர் இதற்கு விடை கண்டுபிடித்தாக வேண்டும். நான் பார்த்தவற்றில் மனத்தில் நிற்கும் படங்கள் எல்லாம் விலங்கு ஏதோ ஒரு செயலில் இருக்கும் படங்களே. அது குனிந்து மேய்கிறது, திரும்பிப் பார்க்கிறது, பாயின் ஒரு பக்கம் விரிகிறது, மறுபக்கம் மடிகிறது. அசையாமல் பக்கவாட்டில் நிற்கும் படத்தில் இந்தச் சிந்தனையைக் காட்ட வாய்ப்பே இல்லை.

குனிந்து மேய்கிறது என்று சொல்வதற்கும் ஆதாரம் உண்டு. 2014இல் அரியானா பவுலினா கரபஹால், ஹோசே கர்பாயிடோ, பிலிப் கரி ஆகியோர் மூளை இருந்த எலும்புக் கூட்டை ஆராய்ந்தார்கள். உள்காதின் அமைப்பைக் கொண்டு தலை வழக்கமாக எப்படி இருந்திருக்கும் என்று கணித்தபோது, மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது தெரிந்தது. உயர்ந்த மரத்தின் உச்சியை எட்டும் விலங்காக இதை வரைவதில் பொருளில்லை. தாழ்ந்த, நடுத்தர உயரச் செடிகளை மேய்ந்த விலங்கு இது. குனியும்போது கழுத்தின் மேற்பகுதி எதிரே நிற்பவருக்கு முழுதாகத் தெரியும். பாய் ஒரு காட்சிப்பொருள் என்று கருதினால், அந்தத் தோரணையும் பாயும் ஒன்றுக்கொன்று துணையாக அமைகின்றன. பாய்க்கு அழுத்தமான நிறம் கொடுக்கும் ஓவியர்கள் பலர் இந்த எண்ணத்தில்தான் கொடுக்கிறார்கள். அமர்காசாரஸின் நிறத்துக்குப் புதைபடிவச் சான்று எதுவும் இல்லை. ஆகவே நிறம் உங்கள் உரிமை. யானையின் சாம்பல் நிறம்தான் பெரிய விலங்குக்குப் பொருந்தும் என்ற பழைய பழக்கத்துக்குக் கட்டுப்படத் தேவையில்லை.

இங்கே இன்னொரு விலங்கைச் சொல்லியாக வேண்டும். 2019இல் பாப்லோ கயினாவும் குழுவினரும் பஹாடாசாரஸ் என்ற உறவினரை அறிவித்தார்கள். இதுவும் நெவுக்கேன்தான். ஆனால் அமர்காசாரஸைவிடச் சுமார் 1.5 கோடி ஆண்டு முந்தையது. இதன் கழுத்து முட்கள் முன்னோக்கி வளைந்தவை. பிழைத்த ஒரே நீண்ட முள் கொண்ட கழுத்தெலும்பில் முள்ளின் நீளம் 58 சென்டிமீட்டர். முழுக் கழுத்தின் மாதிரியை புவனோஸ் ஐரிஸ் நகரின் அறிவியல் பண்பாட்டு மையத்தில் நிறுத்தினார்கள். அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கச் செய்தித்தாள்களில் வந்தது. உடனே ரசிகர்களின் படங்கள் பெருகின. ஏன் என்று கேட்கவே தேவையில்லை. எதிரியை நோக்கி வரிசையாக நீட்டிய கொம்புகளோடு ஒரு தாவர உண்ணி, அதுவும் டைனோசர்!

பஹாடாசாரஸின் ஆய்வாளர்கள் முட்களின் மேல் கெரட்டின் உறை இருந்திருக்கும் என்று கருதினார்கள். இவ்வளவு மெல்லிய நீண்ட எலும்பு மோதலில் எளிதில் முறிந்துவிடும், உறை இருந்தால் தாங்கும் என்பது அவர்கள் காரணம். 2022 ஆய்வில் வெட்டிப் பார்த்தவை அமர்காசாரஸின் முட்களும் லா அமர்காவில் கிடைத்த இன்னொரு உறவினரின் எலும்பும்தான். பஹாடாசாரஸ் அதில் இல்லை. ஆகவே ஒன்றுக்குக் கிடைத்த தீர்ப்பை மற்றொன்றின் மேல் அப்படியே ஏற்றிவிடக் கூடாது. பஹாடாசாரஸுக்குக் கொம்பு உறை வரைந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். பாய் வரைந்தாலும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பஹாடாசாரஸின் முன்வளைந்த முட்களை அமர்காசாரஸின் கழுத்தில் நட்டால் குறை சொல்வேன். இந்தக் கலப்பு மிக அதிகமாக நடக்கிறது. இரண்டும் ஒரே காலத்தில் ஒரே காட்சியில் நிற்பதாக வரைவதும் அப்படித்தான்.

பஹாடாசாரஸ் இன்னொரு வகையில் பேருதவி செய்தது. சோரோபாட்டுகளுக்குள் இவ்விரண்டும் சேர்ந்த டைக்ரியோசாரிட் குடும்பத்தில் கிடைத்த மண்டையோடுகளிலேயே முழுமைக்கு மிக அருகில் இருப்பது அதனுடையது. கண் குழிகள் மேலிருந்து பார்த்தாலும் தெரியும்படி அமைந்திருக்கின்றன. மெல்லிய நீண்ட பற்கள் தாடையின் முன்பகுதியில் மட்டும் நெருக்கமாக நிற்கின்றன. அமர்காசாரஸின் முகம் இல்லாத குறையைப் பழைய ஓவியர்கள் தான்சானியாவின் டென்டகுருவில் கிடைத்த டைக்ரியோசாரஸைக் கொண்டு நிரப்பினார்கள். 1914இல் ஆய்வாளர் யானென்ஷ் விவரித்த அந்த விலங்கு இந்தக் குடும்பத்துக்கே பெயர் கொடுத்தது. இப்போது இரண்டு மாதிரிகள் இருப்பதால் முகத்தை இன்னும் நம்பிக்கையோடு வரையலாம்.

ரசிகர்களின் பிரியத்துக்கு வருகிறேன். பெரும் வேட்டை டைனோசர்களுக்கு ரசிகர்கள் இருப்பது இயல்பு. ஒரு தாவர உண்ணிக்கு, அதுவும் சிறிய சோரோபாட்டுக்கு, இப்படி ஒரு கூட்டம் சேர்ந்ததற்கு அதன் உருவம் முதற்காரணம். தூரத்திலிருந்து நிழலாகப் பார்த்தாலே அடையாளம் தெரியும். சோரோபாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் பேறு இல்லை. ஒன்றின் நிழலை மற்றொன்றிலிருந்து பிரிப்பதற்குப் பயிற்சி வேண்டும். மெல்போர்ன் அருங்காட்சியகத்தில் இதன் எலும்புக்கூட்டின் வார்ப்பு நிற்கிறது. அளவில் பெரியவற்றுக்கு நடுவிலும் பார்ப்பவரின் கண் அதன் கழுத்தில்தான் முதலில் விழும். 2013இல் வந்த போகிமான் விளையாட்டில் அரோரஸ் என்ற பனி உயிரினம் கழுத்தோடு ஓடும் பாயுடன் அறிமுகமானது. அதன் குட்டியைப் பாய்ப் புதைபடிவம் ஒன்றிலிருந்துதான் உயிர்ப்பிக்க வேண்டும். அதில் அமர்காசாரஸின் சாயலைக் கண்டு, அங்கிருந்து உண்மை விலங்கைத் தேடி வந்த இளம் ஓவியர்கள் நிறையப் பேர். வந்த வழி எதுவானால் என்ன, வந்தபின் எலும்பைப் படிக்கிறார்கள். அதை நான் மதிக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரே எலும்புக்கூடு, முகம் பாதி, வால் பாதி, தோல் இல்லை, நிறம் இல்லை. இவ்வளவு இடைவெளிகள் இருப்பதால் வரைபவர் முடிவெடுக்காமல் ஒரு கோடுகூடப் போட முடியாது. எல்லாம் தெரிந்த விலங்கை வரையும்போது கிடைக்காத ஈடுபாடு இங்கே கிடைக்கிறது. அந்த முடிவுகள் ஆய்வாளர்களுக்கும் பயன்படுகின்றன. ஒரு கருத்தைச் சொற்களில் எழுதும்போது மறைந்துவிடும் சிக்கல் படமாக வரையும்போது கண்ணை உறுத்தும். கழுத்துப் பாய் வளையுமா என்ற கேள்வியை 1994இல் எழுப்பியவர் ஓவியராகவும் இருந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் வரையத் தொடங்கும்போது பார்க்க வேண்டியவை சில. ஸ்காட் ஹார்ட்மன் போன்றவர்கள் வரைந்த எலும்புக்கூட்டு வரைபடத்தை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். மற்றொரு ரசிகரின் வண்ணப் படத்தை மூலமாகக் கொள்ளாதீர்கள். அவர் செய்த பிழை உங்கள் படத்திலும் குடியேறிவிடும். கால்களில் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். சோரோபாட்டின் முன்கை யானையின் பாதம் அல்ல. கை எலும்புகள் செங்குத்தாக அரைவட்டமாக நின்று தூண் போலிருக்கும். வெளியே தெரியும் நகம் கட்டைவிரலில் ஒன்றே ஒன்று. பின்கால் அகன்றது, மூன்று பெரிய நகங்கள் உண்டு. மூக்குத் துளையை நெற்றிக்கு அருகே வைக்காதீர்கள். எலும்பில் துளை மேலே இருந்தாலும் சதையில் அது முகத்தின் முன்பக்கம் திறந்திருக்கும் என்பதை 2001இல் லாரன்ஸ் விட்மர் விளக்கினார்.

தோலுக்கும் வழிகாட்டிகள் இருக்கின்றன. அதே நெவுக்கேனில் அவுகா மஹுவேவோ என்ற இடத்தில் டைட்டனோசார் என்ற சோரோபாட் வகையின் முட்டைகளுக்குள் இருந்த கருக்களின் தோல் பதிவு கிடைத்து, 1998இல் வெளியானது. சிறு மணிகள் பதித்ததைப் போன்ற செதில்கள் அவை. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கிடைத்த, டிப்ளோடோகஸ் என்ற சோரோபாட்டின் உறவினர் ஒன்றின் வாலருகே தோல் முட்கள் வரிசையாக இருந்ததை ஸ்டீபன் செர்காஸ் 1992இல் வெளியிட்டார். ஆகவே அமர்காசாரஸின் வால் நெடுகச் சிறு தோல் முட்கள் வைப்பது அனுமதிக்கத்தக்க ஊகம். பாயும் தோல் முட்களும் சேர்ந்து அளவுமீறிப் போனால் உருவம் கலங்கிவிடும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

பின்னணியில் புல் வேண்டாம். பெரணிகள், ஊசியிலை மரங்கள், சைகஸ் வகைகள் போதும். துணைக்கு யாரை நிறுத்தலாம் என்றால் லா அமர்கா பாறைகளே பட்டியல் தருகின்றன. வின்செலெஸ்டெஸ் என்ற சிறு பாலூட்டி அங்கே பல எண்ணிக்கையில் கிடைத்தது. லிகாபுவேயினோ என்ற சிறிய இருகால் டைனோசர், அமர்காசூக்கஸ் என்ற முதலை உறவினர், ஜபாலாசாரஸ் என்ற மற்றொரு சோரோபாட் எல்லாம் அதே நிலத்தில் வாழ்ந்தவை. பெரிய வேட்டை விலங்கு ஒன்றை எதிரே நிறுத்திச் சண்டைக் காட்சி வரையும் ஆசை எல்லோருக்கும் வரும். அதற்குப் பதிலாக அமர்காசாரஸின் காலடியில் ஒரு வின்செலெஸ்டெஸை ஓடவிடுங்கள். அளவும் விளங்கும், இடமும் உண்மையாகும்.

இந்தியாவிலிருந்து வரைபவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. 2023இல் ஐஐடி ரூர்க்கி, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை ஆகியவற்றின் ஆய்வாளர்கள் ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பகுதியிலிருந்து தாரோசாரஸ் இண்டிகஸ் என்ற விலங்கை அறிவித்தார்கள். வயது ஏறக்குறைய 16.7 கோடி ஆண்டு. அமர்காசாரஸின் அதே குடும்பத்தைச் சேர்ந்தது, அந்தக் குடும்பத்தின் மிகப் பழைய உறுப்பினர்களில் ஒன்று. கழுத்து, முதுகு, வால் ஆகியவற்றின் முள்ளெலும்புத் துண்டுகள் சிலவும் விலா எலும்பும்தான் கிடைத்துள்ளன. அமர்காசாரஸின் பாயை அப்படியே எடுத்து இதற்கு மாட்டிவிட வேண்டாம். டைக்ரியோசாரஸின் மிதமான முட்களை அடிப்படையாகக் கொண்டு, கடலோரச் சமவெளி ஒன்றில் நிறுத்தி வரைந்து பாருங்கள். அமர்காசாரஸுக்கு ஆயிரக்கணக்கில் படங்கள் வந்துவிட்டன, தாரோசாரஸுக்கு இன்னும் நிறைய இடம் காலியாக இருக்கிறது.